ஓவர்கிளாக் செய்வதற்கு முன்: ப்ராசசர் வெப்பநிலை எண்ணை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி இதுதான். இன்டெல் ஐ5-12600கே, இசட்690 போர்டு, நடுத்தர விலையில் ஒரு டவர் ஏர் கூலர். ஓவர்கிளாக் செய்யலாம், அதாவது ப்ராசசரை அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓடவிடலாம் என்று உட்கார்ந்தால் கோர் டெம்ப் என்ற மென்பொருள் 37 டிகிரி என்கிறது, போர்டுடன் வந்த மென்பொருள் 44 என்கிறது, பயாஸுக்குள் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் அமைப்புத் திரை) போய்ப் பார்த்தால் 52, எச்டபிள்யூ மானிட்டர் என்ற இன்னொரு மென்பொருளில் ஒரு வரி மட்டும் 127-லேயே அசையாமல் நிற்கிறது. இதில் எதை நம்பி வோல்ட்டேஜை ஏற்றுவது?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த நான்கில் மூன்று எண்கள் வேறு வேறு இடத்தில், வேறு வேறு நிலையில் எடுத்தவை, அதனால் ஒத்துப்போகாமல் இருப்பதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. 127 எதையுமே அளக்கவில்லை. ஓவர்கிளாக்குக்கு நீங்கள் பார்க்க வேண்டியது கோர்களின் (ப்ராசசருக்குள் இருக்கும் தனித்தனி கணக்கிடும் பகுதிகள்) எண்களும் பேக்கேஜ் எண்ணும் (முழு ப்ராசசருக்குமான எண்) தான், மற்றதை மறைத்து வைத்துவிடுங்கள். அந்த எண்கள் மேலே, அதாவது 80, 90 டிகிரிப் பக்கம், நம்பத் தகுந்தவை. கீழே 30, 40 பக்கம் சில டிகிரி தள்ளிக் காட்டலாம். எவ்வளவு தள்ளிக் காட்டுகிறது என்பதை ஒரு மாலைப் பொழுதில் நீங்களே கண்டுபிடித்துவிட முடியும். எப்படி என்று கீழே விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் "இந்த மென்பொருளை நம்பு, அதை நம்பாதே" என்று ஒரு வரியில் சொல்கிற பதில்கள் உங்களுக்கு உதவாது.

அந்த 127-ஐ முதலில் ஒழித்துவிடுவோம். மதர்போர்டில் சூப்பர் ஐஓ என்று ஒரு சிப் இருக்கும், பெரும்பாலும் நுவோடான் அல்லது ஐடிஇ நிறுவனத்துடையது. ஃபேன் வேகம், வோல்ட்டேஜ், போர்டின் வெப்பநிலை எல்லாவற்றையும் அதுதான் கவனிக்கிறது. அதில் வெப்ப சென்சாருக்கென்று பல உள்ளீடுகள் உண்டு. போர்டு தயாரிப்பவர் எல்லாவற்றிலும் சென்சார் பொருத்துவதில்லை. பொருத்தாத உள்ளீட்டைப் படித்தால் 127, மைனஸ் 128 என்று அளவின் ஓரத்தில் ஏதாவது ஒரு எண் வரும். ஆக்ஸ்டின், டிஎம்பின் என்ற பெயரில் நிற்கிற வரிகளில் இது சாதாரணம். லோடு கொடுத்தாலும் எடுத்தாலும் அசையாத எண் எதையும் அளக்கவில்லை, அவ்வளவுதான்.

பயாஸில் 52 காட்டுவதற்குக் காரணம் வேறு. விண்டோஸோ லினக்ஸோ ஓடும்போது வேலையில்லாத கோர்கள் ஆழ்ந்த தூக்க நிலைக்குப் போய்விடும், மின்சாரம் சில வாட்டுக்கு இறங்கிவிடும். பயாஸுக்குள் அந்தத் தூக்கம் கிடையாது, ப்ராசசர் விழித்துக்கொண்டே இருக்கிறது. அதனால் பயாஸ் எண் எப்போதும் சற்று அதிகமாகவே இருக்கும். அதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், அதை வைத்து எதையும் முடிவு செய்யவும் வேண்டாம்.

44 காட்டுகிற போர்டு மென்பொருள் சூப்பர் ஐஓ வழியாகப் படிக்கிறது. சில போர்டுகளில் அது சாக்கெட்டுக்கு அருகில் போர்டின் மேல் இருக்கிற சென்சாரின் எண், சிலவற்றில் ப்ராசசரிடமே கேட்டு வாங்கி, ஃபேன் அடிக்கடி ஏறி இறங்காமல் இருக்கக் கொஞ்சம் சமன்படுத்திய எண். எது என்று பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, "சிபியு" என்றுதான் இரண்டுக்கும் பெயர் போட்டிருப்பார்கள். ஆனால் நடத்தையை வைத்துக் கண்டுபிடிக்கலாம், கீழே வருகிறேன்.

மிச்சம் இருப்பது கோர் டெம்ப் காட்டுகிற 37. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இன்டெல் கோர் ஒவ்வொன்றின் உள்ளேயும், சிலிக்கானிலேயே, ஒரு டிஜிட்டல் சென்சார் இருக்கிறது. அது "இப்போது 37 டிகிரி" என்று சொல்வதில்லை. "எல்லைக்கு இன்னும் 63 டிகிரி இருக்கிறது" என்று மட்டும்தான் சொல்கிறது. அந்த எல்லைக்குத்தான் டிஜே மேக்ஸ் என்று பெயர், 12600கே-வுக்கு அது 100 டிகிரி. மென்பொருள் 100-இலிருந்து 63-ஐக் கழித்து 37 என்று திரையில் போடுகிறது. அதாவது நீங்கள் பார்ப்பது கழித்தல் கணக்கின் விடை. இதிலிருந்து இரண்டு விஷயங்கள் வெளிப்படை. ஒன்று, மென்பொருள் டிஜே மேக்ஸைத் தவறாக எடுத்துக்கொண்டால் எல்லா எண்களும் ஒரே அளவு தள்ளிப்போகும். இரண்டு, இந்த சென்சாரை வைத்ததன் நோக்கமே ப்ராசசரைச் சூட்டிலிருந்து காப்பதுதான். எல்லையை நெருங்கும்போது சரியாக இருக்க வேண்டும் என்பதே அதன் வேலை. கீழே போகப் போகப் பிழை கூடும், அதை இன்டெலும் மறைத்ததில்லை.

முதல் சிக்கல் ஒரு காலத்தில் பெரிய தலைவலியாக இருந்தது. கோர் 2 டுவோ, கோர் 2 குவாட் வந்த புதிதில், 2006-இலிருந்து 2008 வரை, டெஸ்க்டாப் ப்ராசசர்களுக்கு டிஜே மேக்ஸ் எவ்வளவு என்று இன்டெல் வெளியே சொல்லவே இல்லை. மென்பொருள் எழுதியவர்கள் ஆளுக்கொரு மதிப்பை ஊகித்துப் போட்டார்கள், ஒரே ப்ராசசருக்கு இரண்டு மென்பொருள்கள் பத்து டிகிரி வித்தியாசம் காட்டும். போதாததற்கு 45 நானோமீட்டர் சிப்களில் சில, இ8400 போன்றவை, குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்காமல் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும். அறை எவ்வளவு குளிர்ந்தாலும் அந்த எண் மாறாது. 2008-இல்தான் இன்டெல் தன் டெவலப்பர் மாநாட்டில் மதிப்புகளை வெளியிட்டது, அதே ஆண்டு நவம்பரில் வந்த முதல் ஐ7-இலிருந்து டிஜே மேக்ஸை ப்ராசசரிடமிருந்தே படித்துக்கொள்ள வழி வந்துவிட்டது. ஆகவே உங்கள் 12600கே-வில் ஊகம் எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்: கோர் டெம்ப் திரையில் டிஜே மேக்ஸ் என்று ஒரு வரி இருக்கும், அதில் 100 இருக்கிறதா? பயாஸில் யாராவது அந்த எல்லையை மாற்றி வைத்திருந்தால், இசட்690 போர்டுகள் பலவற்றில் மாற்ற முடியும், அதைப் பழையபடி ஆட்டோவில் விட்டுவிட்டு அப்புறம் சோதனையைத் தொடங்குங்கள்.

ஏஎம்டி வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும், அவர்களுக்குக் கதை கொஞ்சம் மாறும். எஃப்எக்ஸ் காலத்தில், 2011-க்குப் பிறகு, எஃப்எக்ஸ்-8350 சும்மா இருக்கும்போது 12, 15 டிகிரி என்று காட்டும், அறையோ 30-இல் இருக்கும். அறையை விடக் குளிராக ஏர் கூலர் எப்படி வைத்திருக்கும்? முடியாது. டிசிடிஎல் என்ற அந்த எண்ணே வெப்பநிலை இல்லை, கூலிங்கைக் கட்டுப்படுத்துவதற்கான ஒரு அளவுகோல் என்று ஏஎம்டி ஆவணத்திலேயே எழுதியிருந்தார்கள். அதனால்தான் அவர்களுடைய சொந்த மென்பொருள் டிகிரியைக் காட்டாமல் எல்லைக்கு மிச்சம் எவ்வளவு என்று காட்டியது. 2017-இல் ரைசன் வந்தபோது வேறொரு குழப்பம்: 1700எக்ஸ், 1800எக்ஸ் இரண்டிலும் உண்மையான வெப்பநிலையோடு 20 டிகிரி கூட்டித்தான் டிசிடிஎல் வரும். ஏஎம்4 சாக்கெட்டில் பொருந்தும் ப்ராசசர்கள் எல்லாவற்றுக்கும் ஃபேன் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. 2700எக்ஸில் 10, த்ரெட்ரிப்பர் 1950எக்ஸில் 27. கூட்டியதைக் கழித்த எண்ணுக்கு டிடை என்று பெயர். பழைய மென்பொருளை வைத்துக்கொண்டு 1800எக்ஸ் 95-க்குப் போகிறதே என்று பயந்தவர்கள் ஏராளம், உண்மையில் அது 75. ரைசன் 3000-க்கு அப்புறம் இந்தக் கூட்டல் இல்லை, ஆனால் சும்மா இருக்கும்போதும் எண் 38, 51, 42 என்று குதித்துக்கொண்டே இருக்கும், காரணம் சிலிக்கான் முழுக்கப் பரவியிருக்கிற பல சென்சார்களில் அந்த நொடி எது அதிகமோ அதை எடுத்துக் காட்டுவதுதான். போதாக்குறைக்கு வெப்பநிலையைக் கேட்கிற மென்பொருளே தூங்கும் கோரைத் தட்டி எழுப்பிவிடும். ரைசன் 7000 வந்த பிறகு அதிக லோடில் 95 டிகிரி என்பது சாதாரண நிலை, அதுவரை போய் நிற்கும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். அங்கே சென்சாரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

சரி, சோதனைகளுக்கு வருவோம். எல்லாவற்றையும் ஓவர்கிளாக் செய்யாத நிலையில் செய்யுங்கள். ஒரே ஒரு மென்பொருள் மட்டும் திறந்திருக்கட்டும். சூப்பர் ஐஓ சிப்பை இரண்டு மென்பொருள்கள் ஒரே சமயத்தில் படிக்கப் போனால் சில நேரம் ஒன்றின் பதில் இன்னொன்றுக்குப் போய் அர்த்தமில்லாத எண்கள் வரும். போர்டுடன் வந்த மென்பொருள்களும் ஆர்ஜிபி விளக்கு மென்பொருள்களும் இதில் அடிக்கடி மாட்டும். நான் எச்டபிள்யூ இன்ஃபோவைத்தான் சொல்வேன், எதை எங்கிருந்து படிக்கிறது என்று சிப்பின் பெயரோடு தனித்தனியாகப் பிரித்துக் காட்டும். லினக்ஸ் என்றால் சென்சார்ஸ் கட்டளை போதும், அதில் இன்டெலுக்கு கோர்டெம்ப் என்ற தலைப்பிலும் ஏஎம்டிக்கு கே10டெம்ப் என்ற தலைப்பிலும் வருவதுதான் ப்ராசசருக்குள் இருக்கும் சென்சார்.

ஒரு தெர்மாமீட்டரும் வேண்டும். அறையின் வெப்பநிலை தெரியாமல் ப்ராசசரின் எண்ணை எடைபோடவே முடியாது. ஒயர் நுனியில் புரோப் உள்ள சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும், நனையக்கூடிய வகையாகப் பார்த்து வாங்குங்கள். அதை நம்புவதற்கு முன் ஒரு டம்ளரில் உடைத்த ஐஸை நிரப்பி, மேலே கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, புரோப்பை நடுவில் வையுங்கள். சில நிமிடத்தில் 0-க்கு வந்து நிற்க வேண்டும். ஒரு டிகிரி தள்ளி நின்றால் அதைக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள். அப்புறம் புரோப்பைக் கூலரின் ஃபேன் காற்றை இழுக்கிற பக்கம் தொங்கவிடுங்கள், ஃபேன் இறக்கையில் படாமல். சுவரில் மாட்டியிருக்கிற கடிகாரம் காட்டும் அறை வெப்பநிலை இதற்குப் பயன்படாது, கேபினட்டுக்குள் கூலர் குடிக்கிற காற்று அதை விடச் சூடாக இருக்கும். பக்கவாட்டுக் கதவைக் கழற்றி வைத்துச் செய்தால் இன்னும் நல்லது. இன்ஃப்ரா ரெட் துப்பாக்கி வேண்டாம், பளபளப்பான உலோகத்தின் மேல் அது குறைவாகக் காட்டும், கூலர் முழுக்கப் பளபளப்பு.

முதல் சோதனை காலையில். இரவு முழுக்க அணைத்து, பிளக்கையும் எடுத்து வைத்த கணினியைக் காலையில் போட்டு, விண்டோஸ் வந்து அடங்கியதும் பாருங்கள். கூலர், போர்டு எல்லாம் அறையின் சூட்டில்தான் இருக்கும், ப்ராசசர் இழுப்பது சில வாட். அப்படியானால் எல்லாக் கோர்களும் அறையை விட மூன்று முதல் எட்டு டிகிரிக்குள் மேலே இருக்க வேண்டும். அறை 31 என்றால் 34-இலிருந்து 39 வரை. அறையை விடக் கீழே ஒரு கோர் காட்டினால் அந்த சென்சார் கீழ்ப் பக்கத்தில் பிழையோடு இருக்கிறது என்பது உறுதி. அதற்காக அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, குறித்து மட்டும் வையுங்கள். மேல் பக்கத்தில் அது எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

இரண்டாவது, திடீர் லோடு. எச்டபிள்யூ இன்ஃபோவில் படிக்கும் இடைவெளியை ஒரு நொடிக்குக் குறைவாக வைத்து, பேக்கேஜ் எண்ணுக்கும் அந்தப் போர்டு எண்ணுக்கும் வரைபடம் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ப்ராசசருக்கு முழு வேலை கொடுக்கும் பிரைம்95 என்ற மென்பொருளில் ஸ்மால் எஃப்எஃப்டி என்ற சோதனையை ஓடவிடுங்கள். உண்மையிலேயே சிலிக்கானுக்குள் இருக்கிற சென்சார் என்றால் கோடு சுவர் ஏறுகிற மாதிரி நிமிரும், ஒரே நொடியில் 38-இலிருந்து 60-ஐத் தாண்டிவிடும், அதற்குப் பிறகுதான் மெல்ல மெல்ல ஏறும். அந்த முதல் பாய்ச்சல் நகக்கண் அளவு சிலிக்கான் சூடாவது, பின்னால் வருகிற மெதுவான ஏற்றம் கூலரின் உலோகம் சூடாவது. நிறுத்தினாலும் அப்படித்தான், நொடியில் சடாரென்று விழுந்து அப்புறம் மெதுவாக இறங்கும். பாய்ச்சலே இல்லாமல் முதல் நொடியிலிருந்தே மெதுவாக ஏறுகிற எண் சாக்கெட் பக்கத்து சென்சாருடையது, அல்லது சமன்படுத்திய எண். காய்ச்சலைச் சட்டைக்கு மேல் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பது போன்றது அது. அதை நம்பி ஓவர்கிளாக் செய்தவர் ப்ராசசர் 65-இல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார், உள்ளே கோர் 90-ஐத் தொட்டிருக்கும். உங்கள் 44 எந்த ரகம் என்பது இந்த ஒரு சோதனையில் தெரிந்துவிடும்.

மூன்றாவது சோதனையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். பலர் இதைச் செய்வதில்லை, செய்தால் சென்சாரைப் பற்றிய சந்தேகத்துக்கு எண்ணாகவே விடை கிடைக்கும். அடிப்படை எளிமை: ஃபேன் வேகம் மாறாமல் இருந்தால், காற்றின் வெப்பநிலைக்கு மேல் ப்ராசசர் எத்தனை டிகிரி ஏறுகிறது என்பது அது தின்கிற வாட்டுக்கு நேர் விகிதத்தில் இருக்கும். அறுபது வாட்டுக்கு 21 டிகிரி ஏறினால் நூற்றிருபது வாட்டுக்கு 42 ஏற வேண்டும்.

செய்முறை: ஃபேனை பயாஸில் ஒரே வேகத்தில் கட்டிவையுங்கள், ஆட்டோவில் விடாதீர்கள். பயாஸிலோ இன்டெலின் எக்ஸ்டியூ மென்பொருளிலோ பிஎல்1, பிஎல்2 என்ற இரண்டு பவர் எல்லைகளையும் 60 வாட்டுக்கு வையுங்கள். பிரைம்95-ஐ ஓடவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருங்கள், எண் ஏறுவது நின்ற பிறகு பேக்கேஜ் வாட், பேக்கேஜ் வெப்பநிலை, காற்றின் வெப்பநிலை மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். வாட்டர் கூலர் என்றால் அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும், தண்ணீர் சூடாக நேரம் எடுக்கும். அப்புறம் 90 வாட், அப்புறம் 120 வாட், அதே லோடு, அதே ஃபேன் வேகம்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். காற்று 33 டிகிரி. 60 வாட்டில் 54, 90 வாட்டில் 65, 120 வாட்டில் 75 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றைக் கழித்தால் 21, 32, 42. வாட்டுக்கு 0.35 டிகிரி, மூன்றிலும் ஏறக்குறைய அதே. இப்போது ஒரு தாளில் மூன்று புள்ளிகளையும் வைத்துக் கோடு இழுத்து, பின்பக்கமாக 0 வாட் வரை நீட்டுங்கள். கோடு 33-க்குப் பக்கத்தில் வந்து முட்டுகிறதா? முட்டினால் உங்கள் சென்சார் கீழிருந்து மேல் வரை நேர்மையாக இருக்கிறது.

முட்டவில்லை என்றால்? கோடு 25-இல் போய் முட்டுகிறது என்று வையுங்கள், காற்றோ 33. கீழே 8 டிகிரி குறைவாகக் காட்டுகிறது. ஆனால் இந்தப் பிழை எல்லா இடத்திலும் 8 இல்லை. எல்லையான 100-இல் அது சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டால், 33-க்கும் 100-க்கும் இடையில் உள்ள 67 டிகிரியில் பிழை 8-இலிருந்து 0-க்குத் தேய்ந்துகொண்டே வருகிறது. உண்மையில் 85 டிகிரி இருக்கும்போது எல்லைக்கு மிச்சம் 15, அப்போது பிழை 8-ஐ 67-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் வருவது, ஏறக்குறைய 1.8 டிகிரி. அதாவது 83 என்று காட்டும். ஐடிலில், அதாவது சும்மா இருக்கும்போது, அபத்தமாகத் தெரிகிற சென்சார் ஓவர்கிளாக்குக்கு வேண்டிய இடத்தில் இரண்டு டிகிரிக்குள் சரியாக இருக்கிறது. ஐடில் எண் சரியில்லை என்பதற்காக லோடு எண்ணையும் சேர்த்து ஒதுக்கிவிட வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

இதில் எனக்கு இன்னொரு விஷயமும் பிடிக்கும். பேக்கேஜ் வாட் என்ற எண்ணும் எப்போதும் உண்மை சொல்வதில்லை. 2020-இல் ஏஎம்4 போர்டுகள் சிலவற்றில், ப்ராசசருக்கு மின்சாரத்தைக் குறைத்துச் சொல்லி அதை அதிகம் இழுக்க வைப்பது வெளிவந்து, எச்டபிள்யூ இன்ஃபோவில் அதைக் கண்டுபிடிக்கத் தனி வரியே சேர்த்தார்கள். இன்டெல் போர்டுகளிலும் லோட்லைன் அமைப்பு (லோடு ஏறும்போது வோல்ட்டேஜ் எவ்வளவு இறங்கலாம் என்பதற்கான அமைப்பு) பொருந்தாவிட்டால் வாட் தள்ளிப்போகும். ஆனால் வாட் எண் ஒரே விகிதத்தில் தவறாக இருந்தால் கோட்டின் சாய்வுதான் மாறும், 0 வாட்டில் முட்டுகிற இடம் மாறாது. வாட் எண் பொய் என்றாலும் சென்சார் சோதனை நிற்கும்.

கோர்களுக்கு இடையில் வித்தியாசம் இருக்கிறதே என்றும் கேட்பார்கள். முழு லோடில் ஐந்து, ஏன் பத்து டிகிரி வரை வித்தியாசம் இருப்பது சாதாரணம், நடுவில் இருக்கிற கோர் ஓரத்தில் இருப்பதை விடச் சூடாகத்தான் இருக்கும். ஒரே ஒரு கோர் மட்டும் பதினைந்து, இருபது டிகிரி விலகி நின்றால் காலைச் சோதனையின் தாளை எடுத்துப் பாருங்கள். குளிர்ந்த நிலையிலும் அந்தக் கோர் விலகி நின்றிருந்தால் சென்சாரின் குணம் அது. குளிரில் எல்லோரோடும் ஒட்டி இருந்து லோடில் மட்டும் விலகுகிறது என்றால் கோளாறு கூலர் உட்கார்ந்திருக்கும் விதத்தில், அல்லது கூலருக்கும் ப்ராசசருக்கும் நடுவே தடவுகிற பேஸ்டில். உங்கள் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் இதற்குக் கூடுதலாக ஒரு காரணமும் உண்டு: சாக்கெட்டின் பூட்டு நடுவில் அழுத்தி ப்ராசசரின் மேல்தகட்டை லேசாக வளைத்துவிடும், கூலர் முழுப் பரப்பிலும் படாது. அதற்காகவே காண்டாக்ட் ஃபிரேம் என்று விற்கிறார்கள், வித்தியாசம் பெரிதாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

கடைசியாக, எல்லையைத் தொட்டுப் பார்ப்பது. இதற்குச் சிலர் தயங்குவார்கள், ஆனால் ஓவர்கிளாக் செய்யாத வோல்ட்டேஜில், கூலரைக் கழற்றாமல், ஃபேன் வேகத்தை மட்டும் படிப்படியாகக் குறைத்து 100-ஐ நெருங்கவிட்டுப் பார்ப்பதில் ஆபத்து இல்லை, அந்த எல்லை வரை இயங்கத்தான் ப்ராசசர் கட்டப்பட்டிருக்கிறது. எச்டபிள்யூ இன்ஃபோவில் எல்லைக்கு மிச்சம் என்ற வரி 0-வைத் தொடும்போது தெர்மல் த்ராட்லிங் (சூடு தாங்காமல் வேகத்தைக் குறைப்பது) என்ற வரி "இல்லை"-யிலிருந்து "ஆம்" என்று மாற வேண்டும், உடனே கிளாக் வேகம் சறுக்க வேண்டும். எண் 88-இல் இருக்கும்போதே த்ராட்லிங் வந்தால் மென்பொருள் எல்லையைத் தவறாக எடுத்திருக்கிறது, அல்லது பயாஸில் எல்லை மாறியிருக்கிறது. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: வேகத்தைக் குறைக்கிற முடிவை எடுப்பதும் அதே சென்சார்தான். ஆகவே இந்தச் சோதனை மென்பொருளின் கணக்கைத்தான் சரிபார்க்கிறது, சென்சாரை இல்லை. சென்சாரைச் சரிபார்த்தது முந்தைய கோட்டுச் சோதனை. இரண்டும் சேர்ந்தால்தான் முழுமை.

இணையத்தில் "டிகேஸ் 72 டிகிரியைத் தாண்டக் கூடாது" என்பது மாதிரிப் பழைய அறிவுரைகள் இன்னும் சுற்றுகின்றன. டிகேஸ் என்பது ப்ராசசரின் உலோக மேல்தகட்டின் நடுவில் சின்னக் குழி வெட்டி, அதில் கம்பி சென்சாரைப் பதித்து ஆய்வகத்தில் அளப்பது. உங்கள் கணினியில் எந்த மென்பொருளும் அதைக் காட்ட முடியாது. அந்த எண்ணைக் கோர் எண்ணோடு ஒப்பிடுவதில் பொருளே இல்லை. அதேபோல வெளிநாட்டு விமர்சனங்களில் வருகிற எண்களையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் அறை 20, 22 டிகிரி. சித்திரை மாதத்தில் ஏசி இல்லாத நம் அறை 34, 35. அவர்களுக்கு 78 வந்த இடத்தில் உங்களுக்கு 91 வந்தால் சென்சாரும் சரி, கூலரும் சரி, அறைதான் வேறு.

இனி ஓவர்கிளாக்குக்கு இதை எப்படிப் பயன்படுத்துவது? ஏற்றுவதற்கு முன்பே கணித்துவிடலாம். மின்சாரம் கிளாக் வேகத்துக்கு நேர் விகிதத்திலும், வோல்ட்டேஜின் இருமடிக்கு நேர் விகிதத்திலும் ஏறும். 1.20 வோல்ட்டை 1.32 ஆக்கினால் வோல்ட்டேஜ் 10 சதவீதம்தான் கூடுகிறது, மின்சாரமோ 21 சதவீதம் கூடும். கிளாக்கையும் 6 சதவீதம் ஏற்றினால் மொத்தம் 28 சதவீதம். 120 வாட் 154 ஆகும். வாட்டுக்கு 0.35 என்று ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டோம், 154-க்கு 54 டிகிரி, காற்று 33, மொத்தம் 87. சூடு ஏறினால் சிலிக்கானில் கசியும் மின்சாரமும் கூடும், அதனால் ஓரிரு டிகிரி கூடவே வரும். 87, 89 வரும் என்று எதிர்பார்த்து ஏற்றுகிறீர்கள், 88 வந்தது என்றால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. 97 வந்தால் நிறுத்துங்கள். வோல்ட்டேஜ் நீங்கள் வைத்ததை விட அதிகமாகப் போகிறதா, லோட்லைன் அமைப்பு தூக்கிவிடுகிறதா என்று முதலில் பாருங்கள், அது சரியாக இருந்தால் பேஸ்டையும் கூலரின் திருகையும் பாருங்கள். 75 வந்தால் அதற்கும் மகிழ வேண்டாம். பெரும்பாலும் கிளாக் நீங்கள் கேட்ட வேகத்தில் ஓடவில்லை, பவர் எல்லை எங்கோ தடுத்துக்கொண்டிருக்கிறது.

தினசரி வேலைக்கு நான் பிரைம்95-இல் 90-ஐத் தாண்டாமல் வைத்துக்கொள்ளச் சொல்வேன், அதுவும் ஏப்ரல், மே மாத அறைச் சூட்டில் அளந்த 90. டிசம்பரில் அளந்து முடிவு செய்துவிட்டால் கோடையில் அதே அமைப்பு த்ராட்லிங்கில் போய் நிற்கும். வெப்பநிலை நன்றாக இருக்கிறதே என்று வோல்ட்டேஜை இஷ்டத்துக்கு ஏற்றுவதும் கூடாது. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை ப்ராசசர்களில் 2024-இல் வெடித்த பிரச்சினை அதற்குச் சாட்சி: ப்ராசசரே தேவைக்கு மேல் வோல்ட்டேஜ் கேட்டு வாங்கியதில் சிப்கள் நிரந்தரமாகச் சீரழிந்தன, இன்டெல் ஆகஸ்டில் மைக்ரோகோடு (ப்ராசசருக்குள் ஓடும் நிரல்) திருத்தம் வெளியிட்டு உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டிக்க வேண்டியிருந்தது. அங்கே கோர் சென்சார் எதுவும் பொய் சொல்லவில்லை, 100-ஐத் தாண்டவும் இல்லை. உங்கள் 12600கே அந்தப் பட்டியலில் இல்லை, ஆனாலும் வோல்ட்டேஜ் வரியைப் பேக்கேஜ் வெப்பநிலைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் சேர்த்தே பாருங்கள். எச்டபிள்யூ இன்ஃபோவில் "அதிகபட்சம்" என்ற பத்தியையும் விட்டுவிடாதீர்கள். ஒரு கேம் திறக்கும்போது அரை நொடி எழுந்து அடங்குகிற உச்சத்தை நடப்பு எண்ணில் நீங்கள் தவறவிட்டுவிடுவீர்கள், அந்தப் பத்தியில் அது பெரும்பாலும் பதிந்திருக்கும்.